அப்பாவோட வென்டிலேட்டர் விஷயம்: கையெழுத்து போடச் சொல்றாங்க, விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க

மிளகுக்கொடி | செவ்வாய், இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கங்க. இங்க நான் இதுவரைக்கும் மிளகு விலையும், மலைப்பாதைல மண்ணு சரிஞ்சிருக்கா இல்லையான்னும் மட்டும்தான் கேட்டிருக்கேன். இன்னிக்கு கேக்கறது வேற.

அப்பாவுக்கு 71 வயசு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல 34 வருஷம் ரைட்டரா இருந்தவர். களத்துல கொட்டை கிளறிட்டு இருந்தப்ப அப்படியே சாஞ்சுட்டார். மலை இறங்கி சேலம் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேக்கறதுக்குள்ள ஒன்னேமுக்கா மணி நேரம் ஆயிடுச்சு. மூளைத்தண்டுல ரத்தக்கசிவுன்னாங்க. இன்னியோட 23 நாள். 12ஆம் நாள் கழுத்துல ஓட்டை போட்டு ட்ரக்கியாஸ்டமி பண்ணி அதுல வென்டிலேட்டர் மாட்டியிருக்காங்க. மூக்குல சாப்பாட்டுக் குழாய். இமை தானா மூடாததால கண்ணுல டேப் ஒட்டி வச்சிருக்காங்க, அம்மா உள்ள போனா அந்த டேப்பையேதான் பாத்துட்டு நிக்கறாங்க.

நேத்து பெரிய டாக்டர் கூப்பிட்டு "இனி முன்னேற்றம் வராதும்மா, இதுக்கு மேல பண்ணினா அவருக்குத்தான் கஷ்டம், வீட்டுக்கு கூட்டிட்டுப் போறதுன்னா போங்க"ன்னு சொன்னார். தன்மையாத்தான் சொன்னார், அவரை குறை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் கவுன்டர்ல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அதுல "மருத்துவரின் ஆலோசனையை மீறி என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன்"னு அச்சடிச்சிருக்கு. போகச் சொன்னதே அவங்கதானே, அப்புறம் எப்படி நான் மீறினதா ஆகும்? அந்த ஒரு வரிலதான் என் பேனா நின்னுடுச்சு.

அண்ணன் மஸ்கட்ல இருக்கான். போன்ல "நீ கையெழுத்து போட்டா அப்பாவ நீதான் கொன்ன மாதிரி"ன்னு கத்தறான். அம்மா "மலைக்கு கூட்டிட்டுப் போயிரலாம் சாமி"ங்கறாங்க. முதலமைச்சர் காப்பீட்டுல முடிஞ்ச வரைக்கும் போயிடுச்சு, மிச்சத்துக்கு என் நகை போச்சு. பணமும் ஒரு காரணமான்னு என்னையே கேட்டுக்கறேன், ஆமான்னுதான் பதில் வருது, அதை நினைச்சா இன்னும் அழுகை வருது.

ஒன்னு மட்டும் நிச்சயமா தெரியும். 2016ல ஆயா ஆஸ்பத்திரில இருந்தப்ப குழாயப் பிடுங்கிடுவாங்கன்னு ரெண்டு கையையும் காஸ் துணில கட்டில் கம்பியோட கட்டி வச்சிருந்தாங்க. மணிக்கட்டுல அந்த கட்டோட தடம், உரிச்ச வாழைத்தண்டுல நகம் பட்ட மாதிரி, ஆயாவ குளிப்பாட்டி படுக்க வச்சப்பவும் அப்படியே இருந்துச்சு. அப்பா அதப் பாத்துட்டு எங்க எல்லார் முன்னாடியும் சொன்னார், "எனக்கு இப்படி கைய கட்டிடாதீங்க, மூச்சு நின்னா விட்டுடுங்க"ன்னு. எழுதி எதுவும் வைக்கல, வாயால சொன்னதுதான்.

இது சட்டப்படி சரியா? பாவமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஐந்துரோடு_பாலு | செவ்வாய், இரவு 12.10

மனச தேத்திக்கங்க. ஃபாரத்துல இப்ப எதுவும் போட்டுடாதீங்க. காலைல நம்ம வக்கீல் அண்ணன் பாப்பார்.

அஸ்தம்பட்டி_வக்கீல் | புதன், காலை 6.40

தங்கச்சி, முதல்ல இதைக் கேளுங்க. கருணைக்கொலைங்கற வார்த்தைய வீட்ல யாரும் சொல்ல வேண்டாம், உங்க அண்ணன் பயப்படறதும் அந்த வார்த்தையாலதான். ஊசி போட்டு உயிர எடுக்கறது நம்ம நாட்டுல எப்பவும் குற்றம்தான். திரும்ப வர வாய்ப்பே இல்லாத நோயாளிக்கு மெஷினை நிறுத்தி, நோய் தன் வழில போக விடறது வேற. 9 மார்ச் 2018ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி அமர்வு காமன் காஸ்ங்கற அமைப்பு போட்ட வழக்குல, கௌரவமா சாகறதும் அரசியல் சட்டத்தோட 21ஆவது பிரிவுல வர்ற வாழும் உரிமைக்குள்ள அடங்கும்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி 2011ல அருணா ஷான்பாக்ங்கற, பல வருஷம் நினைவில்லாம படுக்கைல கிடந்த மும்பை நர்ஸோட வழக்குல இதையே கொள்கையா ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் ஹைகோர்ட் அனுமதி வாங்கணும்னு வச்சாங்க.

2018 தீர்ப்புல வழிமுறை ரொம்ப சிக்கலா இருந்துச்சு. கலெக்டர் போர்டு போடணும், மாஜிஸ்திரேட் நேர்ல வந்து பாக்கணும், டாக்டருக்கு 20 வருஷ அனுபவம் வேணும், நடக்கற காரியமா அது. அதனால 24 ஜனவரி 2023ல அதே கோர்ட்டே இளக்கி விட்டுச்சு. இப்ப இருக்கறது இதுதான்: ஆஸ்பத்திரியே ஒரு முதல்நிலை போர்டு போடணும், அதுல பாக்கற டாக்டரும், அந்தத் துறைல குறைஞ்சது 5 வருஷ அனுபவம் உள்ள ரெண்டு நிபுணர்களும் இருப்பாங்க. அவங்க சரின்னா ரெண்டாவது போர்டு, அதுல முதல் போர்டுல இல்லாத ரெண்டு நிபுணர்களும், மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கற ஒரு டாக்டரும். ஒவ்வொன்னும் கூடுமான வரைக்கும் 48 மணி நேரத்துக்குள்ள முடிவ சொல்லணும். அப்புறம் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்கு தகவல் குடுத்துட்டு நிறுத்தணும், அனுமதிக்காக காத்திருக்க வேண்டியதில்ல.

அப்பா எழுதி வைக்கலைன்னா பரவாயில்ல, எழுதி வைக்காதவங்களுக்கும் இதே ரெண்டு போர்டுதான், கூட குடும்பத்தோட சம்மதம் வேணும். போர்டு மறுத்தா ஹைகோர்ட்டுக்குப் போலாம்.

அந்த ஃபாரம் விஷயத்துல உங்க பேனா நின்னது நியாயம். அதுல கையெழுத்து போட்டா பொறுப்ப உங்க தலைல தள்ளிட்டு ஆஸ்பத்திரி ஒதுங்கப் பாக்கும். டாக்டர் உண்மையாவே இனி பலன் இல்லைன்னு நினைச்சா அதை கேஸ் ஷீட்ல எழுதச் சொல்லுங்க.

இருபதாம்_வளைவு | புதன், காலை 9.15

நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்க பதிவ படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

2019ல அம்மாவுக்கு இதே மாதிரிதான். அதே ஃபாரம், ராத்திரி ரெண்டு மணி, நான் படிக்காமயே போட்டேன். பிரைவேட் ஆம்புலன்ஸ்ல ஏத்தி, வாய்ல குழாயோட, கையால அமுக்கி மூச்சு குடுக்கற ஆம்பு பேக்க என் கைல குடுத்தாங்க, "விடாம அமுக்கிட்டே வாங்க"ன்னு. கூட வந்த பையனுக்கு அடிவாரம் தாண்டினதும் தலை சுத்தி அவன் முன்னாடி போய் உக்காந்துட்டான். ஏற்காட்டு மலைப்பாதைல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் நம்பர் போர்டு இருக்குமே, ஆம்புலன்ஸ் லைட்ல அந்த நம்பர் வந்து வந்து போகும். ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அமுக்கறேன். 14ஆவது வளைவுல விரல் மரத்துப்போய் ரெண்டு மூச்சு தவறிடுச்சு. அம்மா நெஞ்சு தூக்கல. அப்ப நான் போட்ட சத்தம் எனக்கே வேற யாரோ கத்தின மாதிரி கேட்டுச்சு.

வீட்டு வாசல்ல டிரைவர் கேட்டார், "எடுத்துடலாங்களா?" நான் தலையாட்டினேன். எடுத்த உடனே போயிடுவாங்கன்னு நினைச்சேன். 40 நிமிஷம் இருந்தாங்க. மூச்சுக்கு திணறிட்டு, தொண்டைல சளி கறகறன்னு, ஒரு ஊசி இல்ல, ஒரு டாக்டர் இல்ல, சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நின்னு பால் ஊத்தறாங்க, அது வெளிய வழியுது.

அம்மா போனது தப்புன்னு நான் சொல்லல. போகத்தான் வேண்டியிருந்துச்சு. ஆனா அந்த விதம் வேண்டாம். அந்த தலையாட்டல் இன்னிக்கும் என்னைத் தூங்க விடறதில்ல. தங்கச்சி, தயவுசெஞ்சு அந்த ஃபாரத்துல போடாதீங்க.

ஐசியூ_அக்கா | புதன், மதியம் 2.30

18 வருஷமா ஐசியூல நர்ஸா இருக்கேன். மேல தம்பி எழுதினத படிச்சுட்டு டூட்டி ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். எத்தனை பேருக்கு நான் ஆம்பு பேக்க கைல குடுத்து அனுப்பியிருக்கேன்னு நினைச்சுப் பாத்தேன்.

மிளகுக்கொடி, ஒரு கேள்வி. சளி உறிஞ்ச சக்ஷன் குழாய் போடறப்ப அப்பாவுக்கு இருமல் வருதா? வென்டிலேட்டர் இல்லாம தானா மூச்சு இழுக்க ட்ரை பண்றாரா? மூளைச்சாவு வேற, இது வேற. மூளைச்சாவுன்னா மூளைத்தண்டு மொத்தமா செத்திருக்கும். வென்டிலேட்டர எடுத்து, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறியும் மூச்சு வருதான்னு பாப்பாங்க, அதை ஆறு மணி நேரம் விட்டு ரெண்டாவது தடவையும் பண்ணுவாங்க, 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி டாக்டர் குழுவே கையெழுத்து போடணும். அது உறுதியானா மருத்துவத்துல ஆள் இறந்தாச்சுன்னு அர்த்தம். உறுப்பு தானம்னு பேசறது அப்பதான். இருமல் இருந்தா அது மூளைச்சாவு கிடையாது, அப்ப வக்கீல் அண்ணன் சொன்ன போர்டு வழிதான்.

இன்னொன்னு. மெஷினை நிறுத்தினா அப்படியே விட்டுடறதுன்னு அர்த்தம் இல்ல. முறையா பண்ணினா முன்னாடியே மார்ஃபின் ஆரம்பிப்போம், சளி கட்டாம இருக்க ஊசி போடுவோம், அப்புறம்தான் மெஷினை மெதுவா குறைப்போம். திணறல் வந்தா உடனே டோஸ் ஏத்துவோம். மலைக்கே கொண்டு போகணும்னா மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து பாக்கற வலி நிவாரண நர்ஸ் உண்டு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

மிளகுக்கொடி | புதன், மாலை 5.05

இருமல் லேசா வருதுங்க அக்கா. மூச்சு எப்பவாவது ஒன்னு இழுக்கறார், அப்புறம் மெஷின்தான்.

இருபதாம் வளைவு அண்ணா, உங்க பதிவ அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கானா கேளு"ன்னாங்க.

பட்டறை_வீடு | புதன், இரவு 8.20

எல்லாரும் நிறுத்தறதுக்கே வழி சொல்றீங்க, எனக்கு மனசு கேக்கல. என் வீட்டுக்காரருக்கு 34 வயசுல கொண்டலாம்பட்டி பைபாஸ்ல ஆக்சிடென்ட். தலைல அடி. மூணு வாரத்துல "ஒன்னும் இல்லம்மா"ன்னு கைய விரிச்சாங்க. மாமனார் கூட போதும்னுட்டார். நான் விடல. 52ஆவது நாள் என் விரல அமுக்கினார். இன்னிக்கு செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறைக்கு மறுபடி வேலைக்குப் போறார், வலது கை கொஞ்சம் மெதுவாத்தான் வரும். அன்னிக்கு நான் கையெழுத்து போட்டிருந்தா? டாக்டர் சொல்றத வேதவாக்கா எடுக்காதீங்க.

ஐசியூ_அக்கா | புதன், இரவு 9.00

நீங்க விடாம இருந்தது நூத்துக்கு நூறு சரிம்மா. சின்ன வயசுல தலை அடிபட்டவங்க மாசக்கணக்குல கழிச்சும் எந்திரிக்கறத நானே பாத்திருக்கேன், அதனாலதான் அந்த மாதிரி கேஸ்ல அவசரப்படக் கூடாது. 71 வயசுல மூளைத்தண்டுலயே பெரிய கசிவுங்கறது வேற கதை. எது எந்த மாதிரி கேஸ்னு குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் பாக்கற டாக்டர் ஒருத்தர் வாய்ச்சொல் போதாது, வேற நாலஞ்சு பேர் பாக்கணும்னு வச்சிருக்காங்க. ரெண்டாவது போர்டு "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்"னு கூட சொல்லலாம். உங்க வீட்டுக்காரருக்கு அப்ப அந்த போர்டு இருந்திருந்தா உங்க பக்கம் பேச ஆள் இருந்திருக்கும்.

கன்னங்குறிச்சி_அம்மா | வியாழன், காலை 7.30

நான் வேற இடத்துல இருந்து பேசறேன். என் பொண்ணுக்கு 16 வயசு, பொறந்ததுல இருந்தே மூளை முடக்குவாதம். பேச மாட்டா, குழாய்லதான் சாப்பிடறா. நான் உள்ள வந்தா கண்ணு என் பக்கம் திரும்பும். "குழாய்ல கிடக்கறவங்க"ன்னு நீங்க பேசறப்ப எல்லாம் எனக்கு வயித்துல ஏதோ பிசையுது. இன்னிக்கு வென்டிலேட்டர்ம்பாங்க, நாளைக்கு நான் இல்லாதப்ப என் பொண்ணப் பாத்து இது எதுக்குன்னு யாராவது கேப்பாங்க. குழாய்ல போற கஞ்சி மருந்தா, சோறா? சோத்த நிறுத்தறதுக்கு ஒரு பேர் இருக்கு, அது பட்டினி.

அஸ்தம்பட்டி_வக்கீல் | வியாழன், காலை 10.45

அம்மா, நீங்க கேட்டது இந்த விஷயத்துலயே கஷ்டமான கேள்வி. இங்கிலாந்துல 1989ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல மூளை பாதிச்ச டோனி பிளாண்ட்ங்கற பையன் வழக்குல, குழாய் சாப்பாடும் மருத்துவம்தான், நிறுத்தலாம்னு 1993ல பிரபுக்கள் சபை சொல்லுச்சு, அப்ப அங்க அதுதான் உச்ச நீதிமன்றம் மாதிரி. நம்ம ஊர்ல எல்லாருக்கும் அது ஒப்பல. காசியாபாத் குடும்பத்து இளைஞர் ஒருத்தர் 2013ல நாலாவது மாடில இருந்து விழுந்து பல வருஷமா படுக்கைல, பெத்தவங்களே மனு போட்டாங்க. வென்டிலேட்டர்ல இல்ல, தானா மூச்சு விடறார்னு 2024ல டெல்லி ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, அவங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தப் பெத்தவங்களுக்கும் பாசம்தான், உங்களுக்கும் பாசம்தான்.

அருணா ஷான்பாக்க எடுத்துக்கங்க. 27 நவம்பர் 1973ல தாக்கப்பட்டவங்க, 18 மே 2015 வரைக்கும் மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரில, கூட வேலை பாத்த நர்ஸ்களும் அதுக்கப்புறம் வந்த நர்ஸ்களும் 41 வருஷத்துக்கு மேல பாத்துக்கிட்டாங்க. உணவ நிறுத்தணும்னு ஒரு பத்திரிகையாளர் கோர்ட்டுக்குப் போனப்ப, அருணா உயிரோட இருக்கணும்னு நின்னது அந்த நர்ஸ்கள்தான். கோர்ட் அவங்க பேச்சத்தான் கேட்டுச்சு. கவனிக்க ஆள் இருக்கறப்ப சட்டம் வந்து பிடுங்காது. உங்க பொண்ணுக்கு இருக்கறது சாகற நோய் இல்ல, அவ வாழ்க்கை அது. தீர்ப்பு சொல்றது திரும்ப வழியே இல்லாத, மருத்துவம் சாவ தள்ளி மட்டும் போடற நிலைய.

ஐந்துரோடு_பாலு | வியாழன், மதியம் 1.15

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், தெக்க விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல்னு ஒன்னு இருக்கே, வயசானவங்களுக்கு எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி இளநீர் குடுத்து சாகடிக்கறது... இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? சொத்துக்காக பண்றவனும் "அப்பா கஷ்டப்படறார்"னுதான் சொல்லுவான். மிளகுக்கொடிய சொல்லலைங்க, பொதுவா.

மிளகுக்கொடி | வியாழன், மாலை 6.00

சொல்லுங்க அண்ணா, தப்பில்ல. நானே ராத்திரில கேட்டுக்கற கேள்விதான். அப்பா பேர்ல ஒன்னரை ஏக்கர் இருக்கு, மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும். நாளைக்கு ஊர்ல யாராவது சொல்லத்தான் செய்வாங்க.

நான் யோசிச்ச வரைக்கும் தலைக்கூத்தல்ல யாரும் அந்தக் கிழவியக் கேக்கறதில்ல, அந்த வீட்டு ஆளுங்களே முடிவு பண்ணி கதவ சாத்திக்கறாங்க. எனக்கு பயமே அந்தக் கதவுதான். அந்த ஃபாரத்துல போட்டிருந்தா நானும் கதவ சாத்தின மாதிரிதான் இருந்திருக்கும். எனக்கு தெரியாத நாலஞ்சு டாக்டர் வந்து பாக்கட்டும், மாஜிஸ்திரேட் ஆபிஸ்ல ஒரு கடிதம் இருக்கட்டும்.

எங்க தாத்தா கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதைய சொல்லுவார். ராஜா தானே முடிவு பண்ணி தானே போய் உக்காந்தார், கூட உக்கார சிநேகிதனும் வந்தார். அப்பாவால இப்ப சொல்ல முடியாது. ஆனா ஆயா கைய அவுத்து விட்ட அன்னிக்கு சொல்லிட்டார்.

இன்னிக்கு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துட்டேன். முதல்ல அப்படி ஒரு போர்டு இங்க போட்டதில்லைன்னாங்க. 2023 தீர்ப்பு நகல நீட்டினேன், வக்கீல் அண்ணா உதவிதான். பெரிய டாக்டர் படிச்சுட்டு, "இதை நாங்களே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா"ன்னார். அந்த வார்த்தைக்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

இருபதாம்_வளைவு | வியாழன், இரவு 10.30

அம்மாகிட்ட சொல்லுங்க, அந்தப் பையன் நல்லா இருக்கான்னு.

மிளகுக்கொடி | பத்து நாள் கழிச்சு, ஞாயிறு, மாலை 4.20

பதில் போட லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க.

முதல் போர்டு சனிக்கிழமை கூடுச்சு. அண்ணன வீடியோ கால்ல போட்டாங்க. நியூரோ டாக்டர் ஸ்கேன் படத்த ஸ்கிரீன்ல வச்சு எது எங்க சேதம்னு அவனுக்கு காட்டினார். அண்ணன் கேட்டான், "உங்க அப்பாவா இருந்தா?" அவர் உடனே பதில் சொல்லல. அப்புறம் "எங்க அப்பாவுக்கு போன வருஷம் இதே முடிவ எடுத்தோம்"னார். அண்ணன் அடுத்த ஃப்ளைட்ல வந்துட்டான்.

ரெண்டாவது போர்டுக்கு டாக்டர் நியமிக்க ஜேடி ஆபிஸுக்கு, அதாவது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபிஸுக்கு, லெட்டர் போய் வர்றதுல மூணு நாள் போயிடுச்சு. 48 மணி நேரம்னு எழுதியிருந்தாலும் நடைமுறைல அவ்வளவு ஆச்சு. வந்த டாக்டர் அரை மணி நேரம் அப்பா பக்கத்துல நின்னு அவரே எல்லாத்தையும் செக் பண்ணினார். மூணு பேரும் கையெழுத்து போட்டாங்க, மாஜிஸ்திரேட்டுக்கு தகவல் போச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. முன்னாடியே மார்ஃபின் ஆரம்பிச்சாங்க. கண்ணு டேப்ப எடுக்கலாமான்னு அம்மா கேட்டாங்க, நர்ஸ் தண்ணில நனைச்சு மெதுவா உரிச்சு விட்டாங்க. கை கட்டல. அம்மா ஒரு கை, அண்ணன் ஒரு கை. திணறல் எதுவும் இல்ல, மூச்சு நீளமா நீளமா போயி, 6.50க்கு நின்னுடுச்சு. சனிக்கிழமை மலைல அடக்கம் முடிஞ்சது.

அண்ணன் இன்னும் என்கிட்ட சரியா பேசல. பேசுவான்.

மேட்டூர்_மழை | ஞாயிறு, இரவு 9.10

ஆழ்ந்த இரங்கல் அக்கா. எங்க அம்மா இப்ப ஐசியூல 16ஆவது நாள், இன்னிக்கு காலைல அதே ஃபாரத்த எனக்கும் குடுத்திருக்காங்க. நீங்க எப்படி எழுதிக் கேட்டீங்கன்னு சொல்ல முடியுமா? எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

மிளகுக்கொடி | ஞாயிறு, இரவு 9.25

தம்பி, நான் எழுதினது இதுதான். பேர மாத்தி அப்படியே எழுதிக்கங்க:

"ஐயா, என் தகப்பனார் தங்கள் மருத்துவமனையில் வென்டிலேட்டர் சிகிச்சையில் உள்ளார். இனி குணமாக வாய்ப்பில்லை என்று தாங்கள் தெரிவித்தீர்கள். நான் தங்கள் ஆலோசனையை மீறவில்லை என்பதால் கொடுக்கப்பட்ட படிவத்தில் கையெழுத்திட இயலாது. 24.01.2023 தேதிய உச்ச நீதிமன்ற உத்தரவின்படி முதல்நிலை மருத்துவ வாரியம் அமைத்து, அதன் முடிவை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாரியம் சிகிச்சையைத் தொடரச் சொன்னால் தொடரச் சம்மதம். நிறுத்தச் சொன்னால், வலியும் திணறலும் இல்லாதபடி மருந்து கொடுத்து இங்கேயே செய்ய வேண்டுகிறேன். அவர் கைகளைக் கட்ட வேண்டாம்."

ரெண்டு காப்பி எடுங்க, ஒன்னுல சீல் வச்சு தேதி போட்டு வாங்கிக்கங்க. ரெண்டாவது போர்டு லெட்டர் போனதும் ஜேடி ஆபிஸுக்கு நீங்களே நேர்ல போய் நில்லுங்க, எங்களுக்கு அங்கதான் நாள் போச்சு. அம்மா முன்னாடி எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காங்களான்னு இன்னிக்கு ராத்திரியே வீட்ல எல்லார்கிட்டயும் கேட்டு எழுதி வைங்க, யார் முன்னாடி சொன்னாங்கன்னு சேத்து. தனியா போகாதீங்க, காலைல நான் கீழ இறங்கறேன், பத்து மணிக்கு எந்த ஆஸ்பத்திரின்னு மெசேஜ் பண்ணுங்க.